அடிக்கடி என்றால் எத்தனை தடவை?

என் அக்கா மகனுக்கு வியாதி என்று சொன்னவர்கள் நாலு பேர். வகுப்பு டீச்சர், பள்ளிக்கூட பிரின்சிபால், டாக்டர். நாலாவது ஆள் நான். முதல் மூன்று பேரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்றால், நாலாவது ஆளைப் பற்றி எழுத வேண்டிய கடமையும் இருக்கிறது. தோழர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அக்காவுக்கு அண்டியாபீஸில் வேலை. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கருத்துப்போய், எண்ணெய் பட்ட இடம் உரிந்து கிடக்கும். அத்தான் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த இரண்டு பேரின் கூலியில் பையனை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க வைத்தவன் நான்தான். படித்தவன் அல்லவா? வங்கியில் குமாஸ்தா, கவிதை வேறு எழுதுகிறவன். சொன்னால் அக்கா கேட்பாள்.

பையன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது டைரியில் எழுதி அனுப்பினார்கள். வகுப்பில் கவனமில்லை, இடத்தில் இருப்பதில்லை, சொன்னதைக் கேட்பதில்லை, டாக்டரிடம் காட்டிவிட்டு வரவும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு அக்கா போய் நின்றாள். டீச்சர் கோபப்படவில்லை. பரிவாகத்தான் சொன்னார்: "உங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்தில இருந்து பழக்கம் இல்லல்லா. வீட்டுச் சூழல் அப்படி. டாக்டர்ட்ட காட்டினா சரியாயிரும்."

அக்கா வந்து என்னிடம் கேட்டாள்: "லே தம்பி, உங்க பக்கம்னா எந்தப் பக்கம்லே?"

நான் பதில் சொல்லவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஒரு கேள்வித்தாள் தந்தார். டீச்சர் நிரப்பிய தாள் முன்பே வந்திருந்தது. எங்கள் தாளை நான் நிரப்பினேன். அக்காவுக்குத் தமிழில் சொல்லி, அவள் சொன்னதை டிக் அடித்தேன். பத்து நிமிடம்தான். ஏ.டி.எச்.டி. என்றார். கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு. மாத்திரை எழுதினார். அது எல்லாக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை அல்ல. நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்ததும் நான்தான்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் படித்த காலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பட்டங்கள் மக்கு, மண்டூகம், மாடு மேய்க்கப் போ. இப்போது இங்கிலீஷில் ஒரு பெயர் வந்திருக்கிறது. இதில் சாதி இல்லை, விஞ்ஞானம் இருக்கிறது என்று நினைத்தேன். "அவன் மக்கு இல்லக்கா, இது ஒரு குறைபாடு. மாத்திரை தின்னா சரியாகும்" என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தேன்.

பையன் அடங்கினான். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். ராத்திரி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். பள்ளிக்கூடத்தில் இப்போது நல்ல பிள்ளை என்றார்கள். மார்க் மட்டும் ஏறவில்லை. அக்காதான் சொன்னாள்: "தம்பி, இவன் அடங்கிட்டான். படிக்கல்லியே."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "நான் அடுக்களைல நிண்ணு கூப்பிட்டா இவன் திரும்ப மாட்டான். முன்னால வந்து நிண்ணாத்தான் பேசுகான். ராத்திரி வாயத் தெறந்துட்டு ஒறங்குகான், கெழவன் மாதிரி கொறட்ட விடுகான். நான் அண்ணைக்கே சொன்னேன். நீ எழுதல்ல."

ஆமாம், எழுதவில்லை. தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்தார். கேட்கும் திறனைச் சோதித்தார்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தது. அதனால் மூச்சு முட்டி ராத்திரி தூக்கம் கெட்டிருந்தது. அதனாலேயே இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. பையனைப் போட்டிருந்ததோ கடைசி பெஞ்ச். அவனுக்கு டீச்சர் பேசியது பாதிதான் கேட்டிருக்கிறது. கேட்காத பாதிக்கு அவன் ஜன்னலைப் பார்த்தான், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தான், எழுந்து போனான். சின்ன ஆபரேஷன்தான். வேறொரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். இந்தக் குறைபாடு இவனுக்கு இல்லை என்று அவர் சொன்னபிறகே மாத்திரையை நிறுத்தினோம். நாங்களாக நிறுத்தவில்லை.

இப்போது நாலாம் வகுப்பு. முதல் பெஞ்ச். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஓடுகிற ஓட்டம் ஓடுகிறான்.

*

இதை ஒரு டாக்டரின் அவசரம், ஒரு பள்ளிக்கூடத்தின் அலட்சியம் என்று முடித்துவிட முடியாது. அவர்கள் கையில் இருந்த தாளைப் பார்ப்போம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டைத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் புரட்டுகிறார்கள். அதில் இந்தக் குறைபாட்டுக்கு 18 அறிகுறிகள். கவனக்குறைவுக்கு 9, ஓயாத ஓட்டத்துக்கும் பொறுமையின்மைக்கும் 9. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் 6 இருக்க வேண்டும், அதுவும் 6 மாதமாவது நீடிக்க வேண்டும். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது பல அறிகுறிகள் தெரிய வேண்டும். பிள்ளையின் வாழ்க்கையை அது கெடுக்க வேண்டும். வேறொரு மனக்கோளாறால் விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். காது, கண், தூக்கம் பார்ப்பது அதற்கும் முந்திய வேலை. ரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இதைக் காட்டித் தராது. பார்த்தும் கேட்டும்தான் சொல்ல வேண்டும்.

கையேடு இவ்வளவு எச்சரிக்கையோடு இருக்கிறது. ஆனால் 18 வரிகளிலும் ஒரு சொல் வருகிறது: அடிக்கடி. அடிக்கடி இடத்தை விட்டு எழுகிறான். அடிக்கடி சாமான்களைத் தொலைக்கிறான். நேரே பேசும்போதும் அடிக்கடி கேட்காதவன் போல இருக்கிறான். இந்தக் கடைசி வரியில் என் அக்கா மகனுக்கு டீச்சரும் டிக் போட்டிருந்தார், நானும் டிக் போட்டேன். காது கேட்காத பிள்ளைக்கு, கேட்காதவன் போல இருக்கிறான் என்று!

அடிக்கடி என்றால் எத்தனை தடவை? எண்ணுகிறவர் யார்? நான் எண்ணுவதைத் தொழிலாகக் கொண்டவன். கவுண்டரில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி எட்டு மணியானாலும் டேலி ஆகாமல் எழ முடியாது. ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதுகிற தாளில் எண்ணிக்கை இல்லை. எண்ணுகிறவரின் கண் இருக்கிறது. சாதி இந்து சமூகத்தில் அந்தக் கண்ணுக்குச் சாதி இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு? டாக்டர் மகன் வகுப்பில் எழுந்து ஓடினால் துறுதுறுப்பு. நம் பிள்ளை எழுந்து ஓடினால் வீட்டுச் சூழல். முதல் பிள்ளையின் ஓட்டத்தை யாரும் எண்ணுவதில்லை.

இது கன்னியாகுமரி மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மேடையேறுகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அதே கணக்கில் இங்கே தலித்துகள் நூற்றுக்கு நாலு பேர். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நம் பிள்ளை ஒன்றோ இரண்டோ. தனியாக இருக்கிற பிள்ளையின் மேல் எல்லாக் கண்ணும் விழும். ஆனால் பார்க்க வேண்டியதை ஒரு கண்ணும் பார்க்காது.

*

இந்த மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலத்தில், 1910களில் அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஆதிக்கச் சாதியார் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். கருகிய பெஞ்ச் ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நாம் உட்கார்ந்தோம் என்று பெஞ்சைக் கொளுத்தினார்கள். இன்றைக்கு நாம் சரியாக உட்காரவில்லை என்று மாத்திரை தருகிறார்கள்.

மருத்துவம் அதிகாரத்தின் பக்கம் நின்று பெயர் சூட்டுவது புதிதல்ல. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், தோட்டத்திலிருந்து தப்பி ஓடும் கறுப்பு அடிமைகளுக்கு ஒரு நோய் இருப்பதாக எழுதினார். டிரேப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன வைத்தியத்தில் சவுக்கடியும் உண்டு. விடுதலையை விரும்புவது நோய்! 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் சொன்னார். 1968இல் அது மிகை இயக்க எதிர்வினை ஆயிற்று, 1980இல் கவனக்குறைவு ஆயிற்று, 1987இல் இன்றைய பெயர் வந்தது. பெயர் மாறியிருக்கிறது. ஒழுக்கத் தீர்ப்பு டைரிக்குள் இன்னும் இருக்கிறது.

1971இல் கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட் லண்டனில் ஒரு சிறு நூல் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளை அறிவு குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளில் தள்ளுவதைத் தோலுரித்தார். அதே 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஐ.க்யூ. சோதனையை வைத்துக் கறுப்புப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் அடைப்பது செல்லாது என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நாம் மருந்துக் கடைக்குப் போனோம்.

வயதுக் கணக்கையும் பாருங்கள். 2018இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது முடிந்தால் பள்ளியில் சேர்க்கிற மாநிலங்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சின்னது, செப்டம்பரில் பிறந்தது பெரியது. இந்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், ஆகஸ்ட் பிள்ளைகளில் பத்தாயிரத்துக்கு 85 பேர், செப்டம்பர் பிள்ளைகளில் 64 பேர். மூளை ஆகஸ்டில் ஒரு மாதிரியும் செப்டம்பரில் ஒரு மாதிரியுமா படைக்கப்படுகிறது? சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி இருந்ததை வியாதி என்று எழுதியிருக்கிறார்கள்.

நம் கதை இன்னும் மோசம். வங்கியில் கே.ஒய்.சி. வாங்கும்போது பார்க்கிறேன், நம் பெரியவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள் மே மாதக் கடைசி. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி. அந்தப் பழக்கத்தில் சேர்க்கப்பட்ட எத்தனை பிள்ளைகள், தங்களைவிட ஒரு வயது மூத்தவர்களோடு உட்கார்ந்து மக்கு என்று பெயர் வாங்கியிருப்பார்கள்? நமக்கு அதற்கு ஆய்வு கிடையாது, அடிதான் கிடைத்தது.

*

இந்த இடத்தில் சில தோழர்கள் கைதட்டுவார்கள் என்று தெரியும். எல்லாமே மருந்துக் கம்பெனி சதி, அப்படி ஒரு வியாதியே இல்லை, மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று பேசுவார்கள். ஃபூக்கோ படித்த நண்பர்கள், பிறழ்வு என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு என்று ஒரு கட்டுரை தருவார்கள். நானும் ஃபூக்கோ படித்தவன்தான். படித்துவிட்டுத்தான் அந்தத் தாளில் டிக் அடித்தேன். அவர்களுக்கு இன்னொருவனைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் என்னோடு வளர்ந்தவன். சானல் கரையில் நடக்கவே மாட்டான், ஓடுவான். ஓடினால் குதிப்பான். புத்தகம், செருப்பு, சட்டை எல்லாம் தொலைப்பான். பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் கோவிலிலும் விளையாட்டிலும் அப்படியே. கபடியில்கூட அவன் முறை வருமுன் பாய்ந்துவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எந்த வேலையையும் பிடிப்பான், எதையும் முடிக்கமாட்டான். வேண்டுமென்று அல்ல. முடிக்க முடியாமல் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாத்தியார் வகுப்பு முன்னால் சொன்னார்: "ரத்தத்தில இல்லாதது அடிச்சா வருமா?" சொல்லிவிட்டு அடித்தார். ஏழாம் வகுப்போடு போனான்.

இன்றைக்குக் கேரளாவில் கொத்தனாருக்குக் கையாள். ஒரு மேஸ்திரியிடமும் நிலைப்பதில்லை. இரண்டு தடவை பைக்கில் விழுந்து கை ஒடிந்தது. ஊருக்கு வந்தால் வங்கிக்கு வருவான். சலானை மூன்று தடவை தப்பாக எழுதுவான். நான்காவதை நான் எழுதிக் கொடுப்பேன். போன மழைக்காலத்தில் கேட்டான்: "மக்கா, எனக்க மண்டைல மட்டும் ஏம்லே ஒண்ணும் நிக்க மாட்டேங்கு?"

நான் டாக்டர் அல்ல. ஆனால் அந்த 18 வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது. அவனுக்கு எட்டு வயதில் யாராவது சரியாகப் பார்த்திருந்தால், மாத்திரையோ பயிற்சியோ முதல் பெஞ்சோ கிடைத்திருந்தால்? அந்த மாத்திரை விஷம் அல்ல. சரியான பிள்ளைக்கு, சரியான அளவில், டாக்டர் பார்வையில் கொடுத்தால் பலன் தருகிறது. வசதி படைத்தவர்கள் பெரிய ஊர்களுக்குப் போய்ப் பல மணி நேரச் சோதனை செய்து, பிள்ளைக்குத் தேவையானதை வாங்கிக்கொள்கிறார்கள். கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வாங்கிப் பரீட்சையில் கூடுதல் நேரமும் பெறுகிறார்கள். அது அவர்கள் பிள்ளைகளின் உரிமை. நம் பிள்ளைக்கு அது எப்படிச் சதி ஆகும்?

அக்கா மகனுக்கு இல்லாத வியாதியை எழுதினார்கள். என் தோழனுக்கு இருந்த கஷ்டத்தை ரத்தம் என்றார்கள். இரண்டும் எதிரெதிர்த் தவறுகள் அல்ல, ஒரே தவறு. இரண்டிலும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. பெயர் முன்பே தயாராக இருந்தது. பிள்ளை வந்ததும் ஒட்டிவிட்டார்கள். தவறான நோயறிதல் என்று மருத்துவம் சொல்வதும் சாதி என்று நாம் சொல்வதும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. 2025இல் அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். "உங்க பக்கம்" என்ற பார்வை எப்போது போகும்?

*

காலனிகளில் மாலை வகுப்பு நடத்துகிற மாணவத் தோழர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து இப்படிச் சீட்டு வந்தால் அம்மாமார்கள் முதலில் உங்களிடம்தான் கொண்டுவருவார்கள். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

முதலில் காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். குறட்டை விடுகிறதா, ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறதா, காலையில் சாப்பிட்டுத்தான் வருகிறதா என்று கேளுங்கள். சில பிள்ளைகள் சில நொடி அப்படியே வெறித்து நின்றுவிட்டுத் திரும்பும். அது கவனமின்மை அல்ல, வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். வீட்டில் குடியும் அடியும் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இரண்டாவது, எந்த பெஞ்ச் என்று கேளுங்கள். பெஞ்சை மாற்றிப் பார்த்தீர்களா என்று பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள். வகுப்பில் மட்டும் ஓடுகிற பிள்ளை வீட்டிலும் உங்கள் மாலை வகுப்பிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் வரைகிறது என்றால், அதைத் தேதி போட்டு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அடிக்கடி என்பதை நாமும் எண்ணுவோம்.

மூன்றாவது, 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். காது, கண், ரத்தசோகை, இந்தக் கவனக்குறைவு எல்லாமே அதன் பட்டியலில் உண்டு. ஆனால் அது அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும்தான். வயிற்றைக் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்த அக்காவுக்கு அந்தச் சோதனையும் இல்லாமல் போனது. எல்லாப் பள்ளிக்கும் அதை விரிக்கச் சொல்லிக் கேட்போம். அரசுப் பள்ளியில் ஒழுங்காக நடக்கிறதா என்றும் போய்ப் பார்ப்போம்.

கடைசியாக, எல்லாம் பார்த்தபிறகும் டாக்டர் ஆமாம், இதுதான் என்றால் வெட்கப்படாதீர்கள், மறைக்காதீர்கள். வைத்தியம் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, இந்தக் குறைபாடு தனியாக இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் நம் வேலைதான்.

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். "இவ்வளவு சத்தம் எதுக்கு மாமா? எனக்கு கேக்குகு" என்றான். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.